பார்பிக்யூவுக்கு எந்த வெப்பமானி: குத்திப் பார்ப்பதா, உள்ளேயே விட்டுவைப்பதா?

பார்பிக்யூ அடுப்பு, கரி, புகைக்கான விறகு ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து முடித்தவர்கள் அடுத்ததாகத் திகைத்து நிற்கும் இடம் வெப்பமானிதான். டயல் முகம் கொண்டது, மடக்கி விரிக்கும் மின்னணுக் கருவி, நீண்ட கம்பியோடு வருவது, கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் கம்பியில்லா ஊசி, தொடாமலே அளக்கும் அகச்சிவப்புக் கருவி என்று வகைகள் பெருகிவிட்டன. எல்லாவற்றின் பெட்டியிலும் ‘துல்லியம்’ என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு வேலைக்கு உரியவை. அதைப் பெட்டியைப் பார்த்து அறிந்துகொள்ள முடிவதில்லை. எனவே எந்த நிறுவனத்தின் பொருள் என்பதை ஒதுக்கிவைத்து, வகைகளை மட்டும் இங்கே ஒப்பிடுகிறேன். வெப்பநிலைகள் அனைத்தும் செல்சியஸ் அளவில் உள்ளவை.

## எதை அளக்கப் போகிறோம்?

இறைச்சி வெந்ததா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்வது ஆபத்தானது. கொத்துக்கறி, பாதுகாப்பான வெப்பநிலையை எட்டுவதற்கு முன்பே உள்ளே பழுப்பாகிவிடக்கூடும். புகையில் வெந்த கோழியோ, முழுவதும் வெந்த பின்பும் தோலுக்கு அடியில் இளஞ்சிவப்பாகவே இருக்கக்கூடும். விறகும் கரியும் எரியும்போது வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் இறைச்சியின் நிறமிப் புரதமான மயோகுளோபினோடு சேர்ந்து அந்தச் சிவப்பை நிலைக்கச் செய்வதே காரணம்.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் பரிந்துரைப்படி, கோழி உள்ளிட்ட பறவை இறைச்சி 74 டிகிரியையும், கொத்துக்கறி 71 டிகிரியையும், முழுத் துண்டுகளாக உள்ள மாடு, ஆடு, பன்றி இறைச்சி 63 டிகிரியையும் எட்ட வேண்டும். முழுத் துண்டுகளை அடுப்பிலிருந்து எடுத்தபின் 3 நிமிடம் ஆறவும் விட வேண்டும். பன்றிக்கு முன்பு 71 என்றிருந்த அளவு 2011-ல்தான் 63 ஆகக் குறைக்கப்பட்டது. பிரிட்டனின் உணவுத் தர முகமை 70 டிகிரியில் 2 நிமிடம் என்று வகுத்திருக்கிறது. இரண்டு அமைப்புகளும் வெவ்வேறு எண்களைச் சொல்வதில் முரண்பாடு இல்லை: கிருமிகள் அழிவது வெப்பநிலையையும் அந்த வெப்பநிலையில் இறைச்சி இருக்கும் நேரத்தையும் பொறுத்தே அமைகிறது. 74 டிகிரியில் காத்திருக்கத் தேவையில்லை. சற்றுக் குறைந்த வெப்பநிலையில் சில நிமிடங்கள் தேவைப்படும்.

இவை பாதுகாப்புக்கான எண்கள். மென்மைக்கான எண் வேறு. மாட்டின் நெஞ்சுப்பகுதியும் பன்றியின் தோள்பகுதியும் 63 டிகிரியில் பாதுகாப்பாக இருந்தாலும் தோல்வார் அளவுக்குக் கடினமாக இருக்கும். அவற்றிலுள்ள கொலாஜன் என்ற கடினமான இணைப்புப் புரதம் மென்மையான ஜெலட்டினாகக் கரைய, பல மணி நேரம் மெல்ல வெந்து 90 முதல் 96 டிகிரி வரை செல்ல வேண்டும். முதல் வகைச் சமையலில் நாம் தேடுவது துண்டின் மிகக் குளிர்ந்த புள்ளியை. இரண்டாம் வகையில் நமக்கு வேண்டியது நீண்ட நேரப் போக்கை. வெப்பமானித் தேர்வு முழுவதும் இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்குகிறது.

## எந்த அளவுகோல்களைக் கொண்டு எடைபோடுவது?

முதலாவது, உணரும் நீளம்: ஊசியின் எவ்வளவு பகுதி வெப்பத்தை உணர்கிறது என்பது. இரண்டாவது, எண் நிலைபெற எடுக்கும் நேரம். மூன்றாவது, துல்லியமும், அது பிசகினால் நாமே சோதித்துத் திருத்திக்கொள்ளும் வசதியும். நான்காவது, கனல், புகை, நீர் ஆகியவற்றைத் தாங்கும் திறன். ஐந்தாவது, வாங்கும்போது தெரியாத செலவுகள்.

இந்த ஐந்தில் பலரும் முதலில் பார்ப்பது துல்லியத்தை. அரை டிகிரிப் பிழையா, ஒரு டிகிரிப் பிழையா என்று அலசுகிறார்கள். என் கருத்தில் உணரும் நீளமும் நேரமுமே முன்னிற்க வேண்டியவை. நேரடிக் கனலில் வேகும் ஒரு துண்டில், மேற்பரப்புக்கும் நடுவுக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியில் 30 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கலாம். அங்கே ஊசி முனை அரை சென்டிமீட்டர் தள்ளி நின்றாலே, கருவியின் அரை டிகிரித் துல்லியத்துக்குப் பொருளில்லாமல் போய்விடும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, கொதிநீர் எல்லா அரிசியையும் ஒரே சூட்டில் சூழ்ந்திருப்பதால் பொருந்துகிறது; ஒரு பக்கம் கனலும் ஒரு பக்கம் காற்றுமாக வேகும் இறைச்சிக்கு அது பொருந்தாது. ஒரு துண்டில் மூன்று நான்கு இடங்களைப் பார்த்தாக வேண்டும். மெதுவான கருவி வைத்திருப்பவர் கனலின் முன் அவ்வளவு நேரம் நிற்க மாட்டார். முதலில் கிடைத்த எண்ணை ஏற்றுக்கொண்டு மூடியை மூடிவிடுவார். மெதுவான வெப்பமானியின் உண்மையான குறை அதுதான்.

| வகை | உணரும் பகுதி | எண் நிலைபெறும் நேரம் | சிறக்கும் இடம் | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|---|
| டயல் | முனையிலிருந்து 5 முதல் 6.5 செ.மீ. | 15 முதல் 20 நொடி | தடித்த பெரிய துண்டு | அடிக்கடி சரிபார்க்கும் உழைப்பு |
| தெர்மிஸ்டர் (மின்தடை மாற்றத்தால் அளப்பது), கையால் குத்துவது | சுமார் 1.25 செ.மீ. | சுமார் 10 நொடி | பெரும்பாலான வீட்டுச் சமையல் | நீர் புகுந்தால் பழுது |
| தெர்மோகப்பிள் (இரு உலோகக் கம்பிகளின் இணைப்பால் அளப்பது), கையால் குத்துவது | சுமார் 0.6 செ.மீ. | 2 முதல் 5 நொடி | மெல்லிய துண்டுகள், நேரடிக் கனல் | கூடுதல் விலை |
| கம்பியோடு உள்ளே விடுவது | முனைப் பகுதி | தொடர்ந்து காட்டும் | நீண்ட நேரப் புகைச் சமையல் | கம்பி மாற்றும் செலவு |
| கம்பியில்லாதது | முனைப் பகுதி | தொடர்ந்து காட்டும் | சுழலும் கம்பியில் வேகும் இறைச்சி | மாற்ற முடியாத மின்கலம், செயலிச் சார்பு |
| அகச்சிவப்பு | மேற்பரப்பு மட்டும் | உடனடி | தட்டு, கல், கிரில் கம்பி | உள்வெப்பத்துக்குப் பயன்படாது |

## டயல் வெப்பமானி

உள்ளே இரு உலோகப் பட்டை சுருளாக இருக்கிறது. வெப்பத்தில் இரண்டு உலோகங்களும் வெவ்வேறு அளவில் விரிவதால் சுருள் முறுக்கிக்கொண்டு முள்ளை நகர்த்துகிறது. மின்கலம் வேண்டாம், எளிதில் கெடாது, விலையும் குறைவு. ஆனால் சுருளின் முழு நீளத்துக்குமான சராசரியையே முள் காட்டுகிறது. 3 சென்டிமீட்டர் தடிமனுள்ள துண்டில் மேலிருந்து குத்தினால் சுருளின் பாதி இறைச்சிக்கு வெளியே, அடுப்பின் சூட்டில் நிற்கும். பக்கவாட்டில் குத்தினால் நிலைமை சற்று மேம்படும், ஆனாலும் நடுப்பகுதியோடு ஓரத்தின் சூடும் சேர்ந்தே கணக்காகும். கீழே விழுந்தால் முள் இடம் மாறிவிடும். டயலுக்கு அடியிலுள்ள திருகுமறையைத் திருப்பிச் சரிசெய்ய முடியும் என்பது இதன் உண்மையான சிறப்பு. முழு ஆட்டுத் தொடை போன்ற தடித்த துண்டுகளை மட்டுமே செய்பவருக்கு இது போதும். கோழி நெஞ்சுக்கறியும் கொத்துக்கறி வட்டங்களும் செய்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுப்பு மூடியில் பதித்து வரும் டயலைப் பற்றியும் ஒரு சொல். அது மூடியின் உச்சியிலுள்ள காற்றின் சூட்டைக் காட்டுகிறது. இறைச்சி இருக்கும் கம்பித்தட்டின் மட்டத்தில் வெப்பம் அதிலிருந்து வெகுவாக மாறுபட்டிருக்கும். அதை நம்பி நேரம் கணிப்பவர்களின் சமையல் தவறிப்போவதில் வியப்பில்லை.

## கையால் குத்திப் பார்க்கும் மின்னணு வெப்பமானி

தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்தாலும் இதில் இரண்டு வகை உண்டு. தெர்மிஸ்டர் என்பது வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் சிறு மணி. தெர்மோகப்பிள் என்பது இரு வேறு உலோகக் கம்பிகள் முனையில் இணைந்து, அந்த இணைப்பின் வெப்பத்துக்கேற்பச் சிறு மின்னழுத்தத்தை உண்டாக்குவது. 1821-ல் தாமஸ் ஜொஹான் சீபெக் கண்டறிந்த விளைவு அது. தெர்மோகப்பிளின் இணைப்பு மிகச் சிறியது என்பதால் ஊசியையும் மெல்லியதாக அமைக்கலாம், எண்ணும் சில நொடிகளில் நிலைத்துவிடும்.

இந்த வேகத்தின் பயனை ஒரு கோழித் தொடையில் காணலாம். ஊசியைத் தடித்த பகுதியில், எலும்பில் படாமல், நடுவைத் தாண்டிச் செல்லும் வரை செலுத்துங்கள். பிறகு மிக மெல்ல வெளியே இழுத்துக்கொண்டே எண்ணைப் பாருங்கள். 80, 76, 72, 69 என்று இறங்கி, பிறகு 71, 75 என்று ஏறத் தொடங்கும். அந்த 69 தான் தொடையின் நடுவெப்பம். இன்னும் சற்று வேக வேண்டும். 3 நொடியில் காட்டும் கருவியில் இது இயல்பாக நடக்கும். 10 நொடிக் கருவியில் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். 20 நொடிக் கருவியில் இந்த முறையே சாத்தியமில்லை. அடுப்பைத் திறந்துவைத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் வெப்பம் வெளியேறுகிறது. கூடவே காற்று உள்ளே புகுந்து கரியைக் கிளறிவிடுவதால், மூடியபின் சூடு முன்னிருந்ததைவிட மிகுந்துவிடுவதும் உண்டு.

குத்தினால் சாறெல்லாம் ஒழுகிவிடும் என்ற அச்சம் பரவலாக உள்ளது. மெல்லிய ஊசித் துளையில் வெளியேறுவது சில துளிகள் மட்டுமே. அளவுக்கு மீறி 10 டிகிரி வேகவிட்டால் இழக்கும் சாறு அதைவிடப் பன்மடங்கு.

இதில் எவரும் எளிதில் எண்ணிப் பார்க்காத இன்னொரு பயன் உண்டு. நெஞ்சுப்பகுதி போன்ற துண்டு மென்மையாகிவிட்டதா என்பதை இறுதியில் எண்ணைவிட ஊசி இறங்கும் விதமே சொல்கிறது. 93 டிகிரியில் ஒரு துண்டு இன்னும் ஊசியைப் பிடித்து நிறுத்தும். மற்றொன்றில் அதே 93-ல் ஊசி தடையே இல்லாமல் வழுக்கி இறங்கும். காலையிலேயே செருகி விட்டுவிட்ட ஊசி இதை ஒருபோதும் தெரிவிக்காது.

இந்த வகையின் மறைமுகச் செலவு நீரால் வருகிறது. கழுவும்போது உள்ளே ஈரம் புகுந்தால் தெர்மிஸ்டர் வழக்கமாக உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்; அதாவது வேகாத இறைச்சி வெந்ததாகத் தெரியும். எனவே ஐபி67 என்ற நீர்த்தடுப்புத் தரம் உள்ளதாகப் பார்த்து வாங்குவது, திரையின் வெளிச்சம், காந்தப் பிடி போன்ற மற்ற வசதிகளைவிட முக்கியம்.

## கம்பியோடு உள்ளேயே விட்டுவைப்பது

ஊசி இறைச்சியில் இருக்கும்; வெப்பம் தாங்கும் கம்பி மூடியின் இடுக்கு வழியே வெளியே வந்து திரையோடு இணையும். பெரும்பாலான கருவிகளில் இரண்டாவது ஊசி ஒன்றைக் கம்பித்தட்டின் மேல் பொருத்தி அடுப்பின் சூட்டையும் பார்க்கலாம். மூடி மீது பதிந்த டயலுக்கு மாற்றாக இந்த ஒரு வசதிக்கே இதை வாங்கலாம் என்பேன்.

நீண்ட நேரப் புகைச் சமையலில் இறைச்சியின் வெப்பம் சுமார் 65 முதல் 75 டிகிரிக்குள் வந்து மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் ஈரம், அடுப்பு தரும் சூட்டை ஈடுகட்டிவிடுவதே காரணம். இதை அறியாதவர் அடுப்பு அணைந்துவிட்டதோ என்று எண்ணிக் கரியை அள்ளிப் போடுவார். இரண்டு ஊசிகள் இருந்தால் அடுப்பு 110 டிகிரியில் சீராக இருப்பதும், இறைச்சி 68-ல் நிற்பதும் ஒரே திரையில் தெரியும். பொறுத்திருக்கலாம், அல்லது தாளில் சுற்றி ஆவியாதலைக் குறைக்கலாம் என்று நிதானமாக முடிவெடுக்கலாம்.

குறை என்னவென்றால், அது செருகிய ஒரே புள்ளியை மட்டும் காட்டுகிறது. செருகிய இடம் கொழுப்புத் திட்டாகவோ எலும்பின் ஓரமாகவோ அமைந்துவிட்டால், எட்டு மணி நேரமும் தவறான எண்ணையே பார்த்துக்கொண்டிருப்போம். கம்பியும் நுட்பமான உறுப்பு: நேரடிச் சுவாலை பட்டால் பொசுங்கும், மூடியில் மாட்டி நசுங்கும், ஊசியும் கம்பியும் சேரும் இடத்தில் நீர் புகுந்தால் எண் தாறுமாறாகும். ஊசியைத் தண்ணீரில் மூழ்கடிக்காமல் ஈரத் துணியால் துடைப்பதே சரி. தொடர்ந்து பயன்படுத்துபவர் கம்பியை அவ்வப்போது மாற்ற நேரும் என்பதால், மாற்றுக் கம்பி தனியாகக் கிடைக்கும் கருவியையே வாங்க வேண்டும். அது கிடைக்காவிட்டால், ஒரு கம்பி கெட்டவுடன் முழுக் கருவியும் வீணாகும்.

## கம்பியில்லா ஊசி

உணர்முனை, மின்கலம், அலைபரப்பி மூன்றும் ஒரே ஊசிக்குள் அடங்கியவை இவை. கம்பி சிக்காது என்பதால் சுழலும் கம்பியில் வேகும் கோழிக்கும், அடிக்கடி திருப்பிப் போட வேண்டிய துண்டுகளுக்கும் இதற்கு நிகரில்லை. கைப்பேசியில் வெப்பநிலை வரைகோடாகத் தெரிவதும் கற்றுக்கொள்பவருக்கு நல்ல துணை.

ஆனால் இதன் வரம்புகளை அறிந்தே வாங்க வேண்டும். மின்னணு உறுப்புகள் இறைச்சிக்குள் மறைந்திருப்பதை நம்பியே பிழைக்கின்றன. பல ஊசிகளில் உட்பகுதி தாங்குவது சுமார் 100 டிகிரி வரைதான். எனவே குறியிட்ட கோடு வரை ஊசி இறைச்சிக்குள் முழுதும் புதைந்திருக்க வேண்டும். மெல்லிய துண்டுகளில் அதற்கு இடமே இருக்காது. உலோக மூடி புளூடூத் அலையை வெகுவாகத் தடுக்கும். திறந்த வெளியில் குறிப்பிடப்படும் தொலைவு மூடிய அடுப்பில் சுருங்கிவிடும். வெளிநுனி காட்டும் அடுப்பு வெப்பமும், குளிர்ந்த ஈர இறைச்சியை ஒட்டியே இருப்பதால், தட்டின் உண்மையான சூட்டைவிடக் குறைவாகவே இருக்கும். ஊசிக்குள் அடைத்த மின்கலம் ஆண்டுகள் செல்லச் செல்லத் தளரும், அதை மாற்ற இயலாது. செயலியை நிறுவனம் கைவிட்டால் பல கருவிகள் பயனற்றுப்போகும். தனித் திரையும் உள்ள கருவியானால் அந்த இடர் இல்லை.

## அகச்சிவப்புக் கருவி

இறைச்சியின் உட்புறத்தை இதனால் அறிய முடியாது; இதை மட்டும் வாங்கிக் கோழி சுடுபவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார். இரும்புத் தட்டு எவ்வளவு சூடேறியிருக்கிறது, கிரிலின் எந்தப் பக்கம் அதிகச் சூடு என்று பார்க்க நல்லது. பளபளக்கும் எஃகின் மேல் காட்டினால், அது சுற்றியுள்ள பொருள்களின் கதிர்வீச்சைத் திருப்பி அனுப்புவதால் எண் பொய்யாகும்.

## எவருக்கு எது?

ஒன்றே ஒன்று வாங்குவதென்றால், எவ்வகைச் சமையலானாலும் கையால் குத்திப் பார்க்கும் மின்னணு வெப்பமானியே என் முடிவு. மெல்லிய துண்டுகள், மீன், கொத்துக்கறி ஆகியவற்றை நேரடிக் கனலில் அடிக்கடி செய்பவர் தெர்மோகப்பிளுக்கான கூடுதல் விலையைத் தயங்காமல் கொடுக்கலாம். மாதத்தில் ஓரிரு முறை செய்பவருக்கு நல்ல தெர்மிஸ்டரே போதும். மூன்று மணி நேரத்துக்கு மேல் நீளும் புகைச் சமையலில் இறங்கும்போது இரண்டு ஊசிகள் கொண்ட கம்பிக் கருவியை அதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள்; முன்னதை விட்டுவிட்டு இதை வாங்குவது சரியன்று, ஏனெனில் உள்ளே இருக்கும் ஊசி இலக்கைத் தொட்டதாகச் சொன்னபின் மற்ற இடங்களைக் குத்திப் பார்த்தே இறக்க வேண்டும். கம்பி உண்மையிலேயே இடையூறாக இருப்பவர்களுக்கு மட்டும் கம்பியில்லா ஊசி.

விருந்தினர்களில் கர்ப்பிணிகள், முதியவர்கள், சிறு குழந்தைகள் இருந்தால், நேரத்தையும் வெப்பத்தையும் சேர்த்துக் கணக்கிடும் நுணுக்கங்களுக்குப் போகாமல் கோழியின் ஒவ்வொரு துண்டிலும் 74 டிகிரியைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். பல துண்டுகளை விரைவாகப் பார்க்க வேண்டிய இந்த இடத்திலும் வேகமான கருவியே கைகொடுக்கும்.

## பயன்படுத்தும்போது

கொத்துக்கறி வட்டங்களையும் மெல்லிய நெஞ்சுக்கறியையும் பக்கவாட்டிலிருந்து நடுவை நோக்கிக் குத்த வேண்டும். முழுக் கோழியில் தொடையின் உட்புறத்தையும் நெஞ்சின் தடித்த பகுதியையும் தனித்தனியே பார்க்க வேண்டும். கடுஞ்சூட்டில் வெந்த பெரிய துண்டு அடுப்பிலிருந்து எடுத்த பின்னும் உள்ளே 5 டிகிரி வரையோ அதற்கு மேலுமோ ஏறும். மெல்லிய துண்டில் இந்த ஏற்றம் மிகக் குறைவு என்பதால் அதை முன்கூட்டியே எடுத்துவிட்டு ஏறும் என்று நம்பியிருக்கக் கூடாது. வேகாத இறைச்சியில் குத்திய ஊசியைச் சோப்பு கலந்த சுடுநீரில் கழுவிய பிறகே மறுபடி குத்த வேண்டும். இல்லையேல் வெந்த துண்டுக்குள் கிருமியை நாமே கொண்டுசேர்ப்போம்.

எந்தக் கருவியானாலும் புதிதாக வாங்கியவுடனும், கீழே விழுந்த ஒவ்வொரு முறையும் பனிக்கட்டிச் சோதனை செய்ய வேண்டும். ஒரு குவளை நிறைய நொறுக்கிய பனிக்கட்டியை இட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் நீர் ஊற்றிக் கலக்குங்கள். ஊசி 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் மூழ்கி, குவளையின் சுவரையோ அடியையோ தொடாமல் நிற்க வேண்டும். அரை நிமிடத்தில் 0 காட்ட வேண்டும். கொதிநீரிலும் சோதிக்கலாம், ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு 1 டிகிரி வீதம் கொதிநிலை குறையும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். பனிக்கட்டியில் எப்போதும் 2 டிகிரி கூடுதலாகக் காட்டுகிற கருவியைத் திருத்திக்கொள்ளலாம்; திருத்தும் வசதி இல்லாவிட்டால் அந்த 2 டிகிரியைக் கருவியின் பின்புறத்தில் எழுதி ஒட்டிவைத்துக் கழித்துக்கொள்ளலாம். இன்று 2 டிகிரியும் அடுத்த முறை 4 டிகிரியும் பிசகுகிற கருவியை இறைச்சிக்குப் பயன்படுத்தக் கூடாது.